தண்ணீர் விடாயும் தெளிந்த அறிவும்

(மூத்தோருக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் நூலக மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துவடிவம். நிகழ்த்தியவர் கவுன்சிலின் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.)



தண்ணீரைப் பற்றிப் பேச ஒரு வைத்தியரை அழைத்திருக்கலாமே, சட்டம் படித்த மொழிபெயர்ப்பாளருக்கு இதில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வி. விடையாக என்னுடைய பிழை ஒன்றையே முதலிற் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கோடைகாலத்துப் பிற்பகல் ஒன்றில், வாடகை நிலுவை தொடர்பான விசாரணையொன்றில் உரைபெயர்ப்பாளராக அமர்ந்திருந்தேன். காலையில் வீட்டில் அருந்திய ஒரு கோப்பைத் தேநீரைத் தவிர அன்று வேறெதுவும் அருந்தியிருக்கவில்லை. மேசைமீது தண்ணீர்க் குடுவை இருந்தது. இடையில் எழுந்து கழிவறைக்குச் செல்ல நேர்ந்தால் விசாரணை தடைப்படுமே என்ற எண்ணத்தில் அதை நான் தொடவில்லை. மாலை மூன்றரை மணியளவில், வாரந்தோறும் கட்டவேண்டிய தவணை ‘ஃபிஃப்டி’ பவுண் என்று ஆங்கிலத்திற் சொல்லப்பட்டதை, நான் தமிழில் ‘பதினைந்து’ என்று பெயர்த்துவிட்டேன். எதிரே இருந்த குடும்பத்தலைவர் முகமலர்ச்சியுடன் உடனே சம்மதித்தார். அந்த முகமலர்ச்சியைக் கண்டுதான் அவருடைய சட்டத்தரணிக்கு ஐயம் எழுந்தது. பிழை திருத்தப்பட்டது, அவருடைய முகம் வாடியதை நான் இன்றும் மறக்கவில்லை. இதிற் குறிப்பிட வேண்டியது என்னவென்றால், அந்த நேரத்தில் எனக்கு விடாய் தோன்றவேயில்லை. இலேசான தலைவலி இருந்தது. பேசுவோரின் குரல்கள் சற்றுத் தொலைவிலிருந்து வருவனபோல் இருந்தன. அவ்வளவே.

வீட்டுக்கு வந்தபின், இது களைப்பா, வயதா, வேறு ஏதுமா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் முதலில் என் கருத்தைக் கவர்ந்தது 1988 ஆம் ஆண்டில் வெளியான ஓர் இந்திய ஆய்வு. பி. எம். கோபிநாதன், ஜி. பிச்சன், வி. எம். சர்மா என்ற மூவர், வெப்பத்தால் உடல் நீரிழக்கும்போது மனத்தின் செயற்றிறன் எவ்வாறு மாறுகிறது என்பதை அளந்தார்கள். பதினொருவரைத் தெரிந்தெடுத்து, தண்ணீரைக் குறைத்து, வெப்பத்தில் உடற்பயிற்சி செய்யவைத்து, அவர்களின் உடலில் வெவ்வேறு அளவு நீரிழப்பை ஏற்படுத்தினார்கள். பின்னர் குளிர்ச்சியான அறையில் இளைப்பாறவைத்து, நாடித்துடிப்பும் உடல்வெப்பமும் வழமைக்குத் திரும்பிய பிறகே சோதனைகளைக் கொடுத்தார்கள். சொற்களை நினைவில் வைத்து அடையாளங் காணல், தொடர்ந்து கூட்டல், சிதறிக் கிடப்பவற்றை ஒழுங்காகக் கோட்டினால் இணைத்தல் ஆகியவையே அச்சோதனைகள். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு, அல்லது அதற்கு மேல், நீராக இழக்கப்பட்டபோது இம்மூன்று திறன்களும் குறிப்பிடத்தக்க அளவு வீழ்ந்தன.

நூற்றுக்கு இரண்டு என்பது எவ்வளவு? அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு லீற்றரும் இன்னொரு கோப்பையும். ஒருநாள் முழுவதும் அருந்த மறந்துவிட்டாலோ, வயிற்றோட்டம் ஒரு பகல் நீடித்தாலோ அந்த அளவை எட்டிவிடலாம்.

அந்த ஆய்வில் நம்மவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. அதில் பங்குபற்றியவர்கள் வெப்பநாட்டு வெயிலுக்கு நன்கு பழகியவர்கள். “யாழ்ப்பாணத்து வெயிலையும் வன்னி வெயிலையும் கண்ட எங்களுக்கு இலண்டன் வெயில் ஒரு வெயிலா” என்று நம் பெரியவர்கள் சொல்வதை நான் எத்தனையோ வீடுகளிற் கேட்டிருக்கிறேன். பழகிய உடல் வெப்பத்தை நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. தண்ணீர் இல்லாமையைத் தாங்கப் பழகிய மூளை என்று ஒன்று இல்லை. ஊரில் வெயில் ஏறினால் கிணற்றடி இருந்தது, வேப்பமர நிழல் இருந்தது, திறந்த விறாந்தை இருந்தது. இங்குள்ள வீடுகளோ வெப்பத்தை வெளியே விடாமற் காக்கவே கட்டப்பட்டவை. 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் வெப்பம் 40.2 பாகை செல்சியஸாகப் பதிவானது. மாடிக் குடியிருப்புகளின் மேற்றளத்தில் அன்று தனியாக இருந்தவர்களுக்கு அது எத்தகைய நாளாக இருந்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக் காலத்தில் இங்கு வரும் பெற்றோர் இதைத்தான் கேட்பார்கள். இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2011 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒன்றரை மணிநேரம் வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி செய்யவைத்து, பின்னர் மூளையைப் படமெடுத்தார்கள். திட்டமிட்டுத் தீர்க்கவேண்டிய புதிர் ஒன்றும் கொடுக்கப்பட்டது. அந்தப் புதிருக்கு ‘இலண்டன் கோபுரம்’ என்பதே பெயர் என்பது ஒரு வேடிக்கை. பிள்ளைகள் வழக்கம்போலவே விடைகண்டார்கள். ஆனால் அதே விடையைக் காண மூளையின் சில பகுதிகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக உழைக்கவேண்டியிருந்தது. மூன்று மணிநேரப் பரீட்சையில் அந்தக் கூடுதல் உழைப்பு எங்கே போய் முடியும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள். கிழக்கு இலண்டன் பல்கலைக்கழகத்தார் 2013 இல் வெளியிட்ட ஆய்விலோ, விடாயுடன் இருந்தவர்கள் தண்ணீர் அருந்தியபின் சோதனைக்கு விரைவாகப் பதிலளித்தார்கள்.

வாகனம் ஓட்டுவோருக்கும் ஒரு சொல். 2015 இல் லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓட்டுநர் இருக்கையைப் போல அமைக்கப்பட்ட கருவியில் சிலரை நீண்டநேரம் ஓட்டவைத்தார்கள். போதிய நீர் அருந்திய நாளில் 47 பிழைகள். குறைவாக அருந்திய நாளில் 101. சட்டம் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்ப்போம். இந்த ஆய்வுக்குக் குளிர்பானத் தொழிலின் ஆதரவுடன் இயங்கிய ஓர் அமைப்பு நிதியளித்தது. ஆகவே எண்ணிக்கையை அப்படியே மனப்பாடம் செய்யவேண்டாம். ஆயினும் இரவுநேர வாடகைக்கார் ஓட்டுவோரும் வீடுவீடாகப் பொதி கொண்டுசெல்வோரும், கழிவறை கிடைக்காது என்பதற்காகவே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பெற்றோல் நிலையத்திலும் கடையிலும் பணிபுரிவோருக்கு, பணியிடத்தில் குடிநீர் வழங்கவேண்டியது முதலாளியின் சட்டக் கடமை; 1992 ஆம் ஆண்டின் பணியிட ஒழுங்குவிதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம்.

இனி, இன்று நான் பேசவந்த விடயத்துக்கு வருகிறேன். அது நம் மூத்தோரைப் பற்றியது.

நமது ஊர்ப்பேச்சில் ஒரு சொற்றொடர் உண்டு: “அறளை பேர்ந்துவிட்டது.” எண்பது வயதான ஒருவர் பேச்சில் தடுமாறினால், மகனின் பெயரைச் சொல்லித் தம்பியை அழைத்தால், இரவில் எழுந்து ஊர்வீட்டுப் படலையைத் தேடினால், நாம் அனைவரும் தயக்கமின்றிச் சொல்லுவது இதைத்தான். அதில் ஏளனம் இல்லை. ஓர் ஏற்றுக்கொள்ளுதல் இருக்கிறது. வயது போனால் இப்படித்தான் என்ற ஏற்றுக்கொள்ளுதல். என்னுடைய அச்சம் அந்த ஏற்றுக்கொள்ளுதலைப் பற்றியதே. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல வருவது. நேற்றுவரை சீட்டுக்கணக்கைப் பிழையின்றிச் சொன்னவர் இன்று காலை எங்கே இருக்கிறோம் என்று அறியாமற் போனால், அது அறளை அல்ல. அதற்கு ஆங்கில வைத்தியத்தில் டெலிரியம் என்று பெயர். நம் முன்னோரும் அறியாததன்று. காய்ச்சல் மிகுந்து பிதற்றுபவரைச் ‘சன்னி கண்டுவிட்டது’ என்று அவர்கள் வேறாகவே சொன்னார்கள். சன்னியையும் அறளையையும் அவர்கள் பிரித்தறிந்தார்கள். நாம் ஒன்றாக்கிவிட்டோம்.

சன்னிக்குக் காரணங்கள் பல. சிறுநீர்த்தொற்று, நெஞ்சுச்சளி, மலச்சிக்கல், புதிய குளிசை, இரத்தத்தில் சீனி குறைதல் அல்லது கூடுதல், சில வேளை பாரிசவாதம். நீரிழப்பு அந்த வரிசையில் உள்ள ஒன்று. மற்றவற்றோடு சேர்ந்தே வருவதும் உண்டு. சன்னியைத் தடுப்பது பற்றித் தேசிய வைத்திய வழிகாட்டி நிறுவனமான நைஸ் வெளியிட்ட நெறிமுறைகளில், நோயாளி போதுமான நீராகாரம் எடுப்பதை உறுதிசெய்வதும் சொல்லப்பட்டுள்ளது.

முதுமையில் இது ஏன் கூடுதலாக நேர்கிறது? முதற்காரணம், விடாய் என்னும் காவற்காரன் வயதாகி உறங்கிவிடுகிறான். 1984 இல் நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒப் மெடிசின் ஏட்டில் வெளியான ஆய்வொன்றில், 67 முதல் 75 வயதான நலமுள்ள ஆண்கள் எழுவரையும் இளைஞர் எழுவரையும் ஒருநாள் முழுவதும் நீரின்றி இருக்கவைத்தார்கள். முதியோரின் குருதி இளைஞரின் குருதியைவிடக் குறைவாக வற்றியிருக்கவில்லை. இருந்தும் அவர்களுக்கு விடாய் குறைவாகவே இருந்தது. பின்னர் தண்ணீர் வைத்தபோதும் குறைவாகவே அருந்தினார்கள். ஆகவே “எனக்குத் தண்ணி விடாய்க்கவில்லை, பிள்ளை” என்று உங்கள் தாயார் சொல்வது பொய்யன்று. அது நம்பத்தக்க சாட்சியமும் அன்று.

அடுத்த காரணத்தை யாரும் வெளியிற் சொல்வதில்லை. முழங்கால் வலிக்கிறது, கழிவறை மாடியில் இருக்கிறது, மருமகள் வேலைக்குப் போய்விட்டாள், அவசரம் வந்தால் அடக்க முடியவில்லை. இவற்றையெல்லாம் சொல்வதைவிடத் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது மானத்துக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. பேருந்தில் ஏறவேண்டிய நாளில் காலையிலிருந்தே ஒன்றும் அருந்தாத தாய்மாரை நான் அறிவேன். இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் சிலரும் அப்படியே வந்திருப்பீர்கள். கையை உயர்த்தச் சொல்லமாட்டேன். சிறுநீரை அடக்க முடியாமை வயதின் தண்டனை அல்ல. குடும்ப வைத்தியரிடம் சொன்னால் அதற்கெனத் தனிப் பயிற்சிபெற்ற தாதியரிடம் அனுப்புவார்கள். அதை வெட்கமின்றித் தமிழிற் சொல்லும் வழியை ஏற்பாடு செய்வது என்னைப் போன்றோரின் தொழில்.

விரதத்தையும் சொல்லவேண்டும். கந்தசஷ்டி ஆறு நாட்களும் சிலர் மிகக் கடுமையாக நோன்பிருப்பார்கள். இஸ்லாமியச் சகோதரர்களுக்கு றமழான் கோடையில் வரும் ஆண்டுகளில் பகல் பதினாறு மணிநேரத்துக்கு மேல் நீளும். நோயாளிக்கும் இயலாதவருக்கும் இரு மரபுகளிலும் விலக்கு உண்டென்பது உங்களுக்குத் தெரியும். அவ்விலக்கை ஏற்பதைத் தோல்வியாக எண்ணுவதுதான் இடர். நம்முடைய கோயில் மரபே தண்ணீரை அறமாகப் போற்றியது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் தாகசாந்தி நிலையங்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கப்பட்டதைக் கண்டு வளர்ந்தவர்கள் நீங்கள்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தார். கடும் வெயில் வாரம். மூன்று நாட்களாகச் சரியாக உண்ணவுமில்லை, அருந்தவுமில்லை. அதற்கிடையில் இரத்த அழுத்தத்துக்கான நீர்க்குளிசையை மட்டும் தவறாமல் எடுத்திருக்கிறார். நீரை வெளியேற்றும் குளிசை உள்ளே போகிறது, தண்ணீர் போகவில்லை. உரைபெயர்க்க நான் அழைக்கப்பட்டேன்.

சன்னியைக் கண்டறிய இந்நாட்டு வைத்தியசாலைகளில் ‘ஃபோர் ஏ டி’ என்ற சிறிய சோதனை பயன்படுத்தப்படுகிறது. வயது என்ன, பிறந்த திகதி என்ன, இது எந்த இடம், இது எந்த ஆண்டு என்று கேட்பார்கள். பிறகு ஆண்டின் மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். வைத்தியர் பிறந்த திகதியைக் கேட்டார். அம்மா ஒரு திகதியைச் சொன்னார்; கோப்பில் இருந்தது வேறு. நம்மவர்களுக்கு இது புதிதல்ல. சாதகத்தில் ஒரு நாள், பள்ளிக்கூடப் பதிவில் ஒரு நாள், கடவுச்சீட்டில் ஒரு நாள். மாதங்களைப் பின்னோக்கிக் கேட்டபோது அவர் பங்குனி, மாசி, தை என்று தொடங்கி, மார்கழியோடு நின்று, என் முகத்தைப் பார்த்தார்.

உரைபெயர்ப்பாளர் உதவிசெய்யக் கூடாது. கார்த்திகை என்று முணுமுணுக்கவும் கூடாது. அன்று என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் விளக்கமளிக்கலாம். அவர் சொல்வது தமிழ் மாதங்கள் என்பதையும், அந்த ஆண்டு சித்திரையில் தொடங்கிப் பங்குனியில் முடிவது என்பதையும், எனவே பங்குனியிலிருந்து பின்னோக்கியது பிழையன்று, நடுவில் நின்றதே கவனிக்கவேண்டியது என்பதையும், மூத்த தமிழருக்குப் பிறந்த திகதி இரண்டு இருப்பது வழமை என்பதையும் வைத்தியரிடம் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அச்சோதனையில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. அதை நோயாளியிடம் கேட்பதில்லை. இந்த மாற்றம் திடீரென வந்ததா, நாளுக்குள்ளேயே கூடிக் குறைகிறதா என்பதே அது. அதற்கு விடைசொல்லவேண்டியவர்கள் நீங்கள், குடும்பத்தினர். அம்மாவின் மகன் முதலிற் சொன்னது, “வயது போய்விட்டது, கொஞ்ச நாளாகவே மறதிதான்.” வைத்தியர் விடவில்லை. எப்போதிருந்து, எந்த நாளிலிருந்து என்று கேட்டார். மகன் யோசித்தார். முந்திய சனிக்கிழமை அம்மா தொலைபேசியில் கனடாவிலுள்ள தங்கையோடு ஒரு மணிநேரம் பேசி, காணிப் பங்கீட்டைப் பரப்புக் கணக்கில் விளக்கியது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை தெளிவு, செவ்வாய்க்கிழமை தடுமாற்றம். ‘வயது போய்விட்டது’ என்பது அபிப்பிராயம், இது சாட்சியம். அதன்பின் விசாரணையின் திசையே மாறியது.

இங்கே சட்டம் வருகிறது. அந்தக் கட்டிலருகே ஒரு தீர்மானமும் காத்திருந்தது. அவர் வீடு திரும்புவதா, பராமரிப்பு இல்லத்துக்குச் செல்வதா என்பது. 2005 ஆம் ஆண்டின் உளத்திறன் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. அதன் முதற்பிரிவு, வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தீர்மானிக்கும் திறன் உண்டென்றே கொள்ளவேண்டும், இல்லை என்பது நிறுவப்படும் வரை, என்கிறது. ஒருவர் தாமே தீர்மானிக்க உதவும் நடைமுறைச் சாத்தியமான வழிகள் அனைத்தையும் செய்துபார்த்துப் பயனில்லாதபோதன்றி, அவருக்குத் திறனில்லை என்று நடத்தலாகாது என்றும் சொல்கிறது. அந்த வழிகளில் உரைபெயர்ப்பாளர் அடங்குவார். என் வாசிப்பில் ஒரு குவளைத் தண்ணீரும் அடங்கும்.

நான்காம் பிரிவு இன்னும் முக்கியமானது. ஒருவர் சார்பாக முடிவெடுப்பவர், அவர் பின்னொரு நாளில் அத்திறனை மீண்டும் பெறக்கூடுமா, பெறுவாராயின் எப்போது, என்பதை எண்ணிப்பார்க்கவேண்டும். சன்னி பெரும்பாலும் தணியக்கூடியது. ஆதலால் உயிர்காக்கும் அவசரச் சிகிச்சைக்குக் காத்திருக்க முடியாது; வீடு, பணம், காணி, பராமரிப்பு இல்லம் போன்றவற்றுக்குக் காத்திருக்கலாம். “இது திடீரென வந்த தடுமாற்றம்; அம்மா தெளிந்தபின் அவரிடமே கேளுங்கள்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. இதன் மறுபக்கத்தையும் மறைக்கமாட்டேன். தெளிவற்ற நாளொன்றில் தந்தையிடம் நிரந்தர அதிகாரப்பத்திரத்தில் கையொப்பம் பெற முயலும் பிள்ளைகளுக்கும் இதே சட்டம் குறுக்கே நிற்கும். அப்பத்திரத்தை எழுதிக்கொடுப்பவருக்கு அந்த நேரத்தில் திறன் இருக்கவேண்டும். அதைச் சான்றுப்படுத்த வேறொருவரும் வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நாளத்தினூடாக நீரேற்றினார்கள். சிறுநீர்த்தொற்றுக்கு மருந்தும் கொடுத்தார்கள். நான்கு நாட்களின் பின் மீண்டும் அழைக்கப்பட்டேன். என்னைக் கண்டதும், “பிள்ளை, அண்டைக்கு நீ டொக்டருக்கு ஏதோ மாதம் எல்லாம் சொல்லிக்கொண்டு நிண்டாய்” என்றார். பராமரிப்பு இல்லத்தைப் பற்றி விளக்கியபோது முழுவதையும் கேட்டு, மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாவது, அங்கே சோறு தருவார்களா என்பது. பிறகு வீட்டுக்குத்தான் போவேன் என்றார். போனார். பகலில் இருமுறை பராமரிப்பாளர் வர ஒழுங்குசெய்யப்பட்டது. எல்லாக் கதையும் இவ்வாறு முடிவதில்லை. சிலருக்குச் சன்னி தணிய வாரங்கள் செல்லும். சிலருக்கு அதனடியில் உண்மையாகவே மறதிநோய் இருந்து பின்னர் வெளிப்படும். மறதிநோய் உள்ளவருக்குச் சன்னி வருவதும் எளிது. ஆனால் எது எது என்பதை அறியாமலே ஒருவருடைய வீட்டை மூடிவிடக் கூடாது.

எவ்வளவு அருந்தவேண்டும்? தேசிய சுகாதார சேவை பொதுவாகச் சொல்வது நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை. தண்ணீர் மட்டுமல்ல, தேநீர், கோப்பி, பால் எல்லாம் கணக்கில் சேரும். பிளேன்ரீ நீரை வற்றவைக்கும் என்று சிலர் சொல்லிக்கொள்வதைக் கேட்டு அதை நிறுத்தவேண்டாம். மோர், கஞ்சி, இரசம், சொதி ஆகியவையும் உதவும். நீரிழிவு உள்ளவர்கள் இனிப்புப் பானங்களைத் தவிர்க்கவேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோருக்கு உப்பை அளந்தே போடவேண்டும். சிறுநீரக நோயாளர் இளநீரை வைத்தியரைக் கேளாமல் அருந்தலாகாது, அதில் பொட்டாசியம் மிகுதி. இருதய பலவீனத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீரை மட்டுப்படுத்தும்படி வைத்தியர் சொல்லியிருந்தால், அந்த அளவே உங்கள் அளவு; இன்றைய என் பேச்சு அதை மாற்றாது. அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் குருதியில் உப்பைக் குறைத்து, அதே தடுமாற்றத்தைக் கொண்டுவரும். வாந்தி, வயிற்றோட்டம் உள்ள நாட்களில் நீர்க்குளிசையையும் சில நீரிழிவுக் குளிசைகளையும் தொடர்வதா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம், கேளாமற் தொடரவும் வேண்டாம்.

சிறுநீரின் நிறத்தைப் பார், தோலைக் கிள்ளிப் பார், நாக்கு வரண்டிருக்கிறதா பார் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இளையோருக்கு நிறம் ஓரளவு உதவும். முதியோருக்கு இவை எதையும் நம்ப முடியாது என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்த 188 முதியோரின் குருதியைக் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தினர் சோதித்தபோது, ஐந்தில் ஒருவர் நீரிழப்பில் இருந்தார். உறுதியாக அறியக் குருதிப் பரிசோதனையே வழி. வீட்டிலிருப்போர் செய்யக்கூடியது இன்னும் எளியது: எத்தனை கோப்பை உள்ளே போயிற்று என்று எண்ணுவது. குளிசைக்கு ஒரு மிடறு போதும் என்று விடாமல் ஒரு முழுக் குவளையாகக் கொடுங்கள். பகலில் நிறைய, இரவுக்குச் சற்றுக் குறைய. “தண்ணீர் வேணுமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்றே விடை வரும். கேளாமற் கொண்டுவந்து வைத்து, அருகிலிருந்து நீங்களும் ஒரு கோப்பை அருந்துங்கள்.

திடீர்த் தடுமாற்றம் கண்டால், தண்ணீர் கொடுத்துவிட்டு நாளை பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். அது அவசர நிலை. 999 ஐ அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். அரை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். அவசரமற்ற ஐயங்களுக்கு 111. ஆங்கிலம் வராதவர்கள் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்; கட்டணம் இல்லை. பேரப்பிள்ளையை உரைபெயர்க்க வைக்காதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அம்மம்மாவின் சிறுநீரைப் பற்றிக் கேட்கவைப்பது இருவருக்கும் துன்பம்.

போகுமுன் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள்: கடைசியாகத் தெளிவாக இருந்த நாள் எது, அன்று என்ன பேசினார்; என்னென்ன குளிசைகள், அண்மையில் மாறியது எது; நேற்று எத்தனை கோப்பை அருந்தினார்; மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் உடன் வந்தனவா; பதிவிலுள்ள பிறந்த திகதியும் உண்மையான திகதியும். இந்தத் தாளின் மாதிரிப்படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசலருகே மேசைமீது உள்ளது. நிரப்ப உதவி வேண்டுவோர் இடைவேளையில் என்னிடம் வரலாம்.

கேள்விகளை இடைவேளையின் பின் எடுத்துக்கொள்வோம். தேநீரும் தண்ணீரும் பின்வரிசையில் இருக்கின்றன, சீனி வேறாக வைக்கப்பட்டுள்ளது. கழிவறை இடப்புறக் கதவைத் தாண்டினால் முதலாவது. படிகள் இல்லை, கைபிடி உண்டு.